காரின் உயரத்தை எவ்வளவு குறைக்கலாம்? ஸ்விஃப்டை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

காரைத் தாழ்த்த நினைப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் விசாரிப்பது எந்த ஸ்பிரிங் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு முன்பே விடை கண்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கார், நாம் அன்றாடம் ஓட்டும் இந்தச் சாலைகளில், நாம் ஏற்றும் ஆட்களோடும் சாமான்களோடும், எத்தனை மில்லிமீட்டர் இறங்கத் தாங்கும்? அந்த எண் கடையில் கிடைப்பதில்லை. காரிலிருந்தும் சாலையிலிருந்தும் அளந்துதான் எடுக்க வேண்டும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே தெரியும் இடைவெளியைப் பார்த்துக் கண் சொல்லும் எண் ஏறக்குறைய எப்போதும் அதைவிடப் பெரிதாகவே இருக்கும் என்பதால், அளந்து முடிக்கும்வரை கண்ணின் தீர்ப்பை ஒத்திப்போடுவது நல்லது.

நம் ஊரில் அதிகம் தாழ்த்தப்படும் கார்களுள் ஒன்றான மாருதி ஸ்விஃப்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 2018-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்டின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையிலான தூரம்) 2450 மி.மீ.; ஆளில்லாத நிலையில் அதன் தரை இடைவெளி 163 மி.மீ. முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும், ஷாக் என்று சுருக்கமாகச் சொல்லும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டம்) என்ற அமைப்பு இந்த அளவிலான பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளுக்கும் பொதுவானது என்பதால், வேறு கார் வைத்திருப்பவர்களும் எண்களை மட்டும் மாற்றி இதே வழியில் செல்லலாம்.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவைக் கண்டிப்பான முறையிலேயே பொருள்கொண்டது. ஆகவே பொதுச் சாலையில் ஓடும் காரில் கை வைப்பதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபெறுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும் நாளில்தான் பெரும்பாலும் வெளியே வரும்.

முதல் படி: காரை அளத்தல்

டயர்களில் சரியான காற்று, பாதிக்கு மேல் பெட்ரோல், மட்டமான தரை ஆகிய மூன்றும் தேவை. காரைச் சில அடி முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலைகளிலும் அழுத்தி விட்டு அடங்கவிடுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கார் உடனே தன் இயல்பான உயரத்துக்கு வராது. பிறகு ஒவ்வொரு சக்கரத்திலும், சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை செங்குத்தாக அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் நிலை மட்டுமே தெரியும்.

இதே அளவை ஆளில்லாமல் ஒருமுறையும், ஓட்டுநர் மட்டும் அமர்ந்து ஒருமுறையும், நீங்கள் வழக்கமாக ஏற்றும் முழுச் சுமையோடு ஒருமுறையும் எடுக்க வேண்டும். மூன்றாவது அளவைப் பலர் விட்டுவிடுகிறார்கள்; முடிவைத் தீர்மானிப்பதோ அதுதான். கணக்கைப் பின்தொடர ஏதுவாக, நால்வரும் பைகளும் ஏறியதும் பின்பக்கம் 45 மி.மீ., முன்பக்கம் 15 மி.மீ. இறங்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஏறத்தாழ 30 மி.மீ. இறக்கம். தரை இடைவெளி 163 அல்ல, 133 என்று ஆகிறது. (இங்கு வரும் அளவுகள் வழிமுறையைக் காட்டுவதற்கானவை, உங்கள் காரில் நீங்கள் அளந்த எண்களை அவற்றின் இடத்தில் வையுங்கள்.)

இரண்டாம் படி: சாலையை அளத்தல்

இந்தியச் சாலைக் கழகத்தின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி அமைக்கப்படும் வட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டது. ஸ்விஃப்டின் வீல்பேஸைவிட அது அகலமானது என்பதால் நான்கு சக்கரங்களும் அதன் மேலேயே நிற்கும் தருணம் ஒன்று வரும். அப்போது இரு அச்சுகளுக்கு நடுவே எழும் மேடு வெறும் 44 மி.மீ. மட்டுமே. வீல்பேஸின் வர்க்கத்தை ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். விதிப்படி கட்டிய வேகத்தடை எந்தத் தாழ்த்திய காருக்கும் பகையல்ல. தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே இரவில் போட்ட, இரண்டடி அகலமே உள்ள கான்கிரீட் மேடுதான் தன் உயரம் முழுவதையும் காரின் வயிற்றுக்கு நேரே நீட்டுகிறது.

அதை அளக்கக் கொத்தனார் நூல் ஒன்றும், 200 மி.மீ. உயரத்தில் சமமாக வெட்டிய இரண்டு மரக்கட்டைகளும் போதும். கட்டைகளுக்கு நடுவே சரியாக 2450 மி.மீ. இருக்கும்படி நூலை அவற்றின் தலையில் கட்டி, இரண்டு பேர் ஆளுக்கொரு கட்டையைப் பிடித்துக்கொண்டு, காரின் முன் சக்கரமும் பின் சக்கரமும் செல்லும் விதமாகவே வேகத்தடையைத் தாண்டி மெல்ல நகருங்கள். நூல் தொய்யக் கூடாது. மூன்றாமவர் நூலுக்கும் மேட்டின் உச்சிக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்துகொண்டே வர வேண்டும். கிடைத்த மிகக் குறைந்த அளவு 105 என்றால், 200-இலிருந்து அதைக் கழித்த 95 மி.மீ.யை அந்த மேடு உங்கள் காரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. காரின் அடியில் மிகத் தாழ்ந்த உறுப்பு எது, அது முன் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைக் குறித்துவைத்து, நூலில் அந்த இடத்திலும் தனியாக அளப்பது மேலும் துல்லியம் தரும். தினசரி வழியில் உள்ள மிக மோசமான மூன்று மேடுகளை அளந்தால் போதும். அதிகாலை ஐந்து மணிக்குப் போனால் போக்குவரத்தும் இருக்காது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்துக்குக் கீழே வண்டி நிறுத்துபவர்கள் சரிவுப் பாதையின் உச்சியையும் கணக்கிட வேண்டும். வீல்பேஸில் பாதியை, சரிவுக் கோணத்தில் பாதியின் டேஞ்சண்டால் பெருக்கினால் விடை வரும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஸ்விஃப்டுக்கு 76 மி.மீ.; ஆறுக்கு ஒன்று என்றால் 101 மி.மீ.; ஐந்துக்கு ஒன்று என்றால் 121 மி.மீ. உச்சியைக் கூர்மையாக விடாமல் உருட்டி முடித்திருந்தால் இந்த எண்கள் கணிசமாகக் குறையும். சரிவின் அடிவாரத்தில் முன் பம்பர் தட்டுமா என்பதைக் கணக்குப் போட்டு அறிவதைவிட, ஆட்களை ஏற்றி மெல்ல இறக்கி, பம்பரின் கீழே மிச்சமிருக்கும் இடத்தை நேராக அளந்துகொள்வதே நம்பகமானது.

இப்போது கழித்தல். சுமையோடு 133, மேடு எடுப்பது 95, மேட்டிலிருந்து இறங்கும்போது உடல் அமுங்கி எழுவதற்கு 20 ஒதுக்கினால், மிச்சம் 18 மி.மீ. புதிய ஸ்பிரிங் பழையதைவிட 25 சதவீதம் விறைப்பானது என்றால் அதே சுமைக்கு நடுவில் 30 அல்ல, 24 மி.மீ. தான் இறங்கும், அந்த 6 மி.மீ.யையும் சேர்த்துக்கொள்ளலாம். தரை அனுமதிக்கும் எல்லை 24 மி.மீ.

மூன்றாம் படி: மிச்சமிருக்கும் ஓட்டம்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். கார் தட்டாமல் போகிறது என்பதாலேயே தாழ்த்தியது சரி என்று ஆகிவிடாது. சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம், அதாவது ஓட்டம், மிச்சமிருக்கிறது என்பதே சஸ்பென்ஷனின் உயிர். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தாழ்த்தும்போது, இறக்கிய ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த இடத்திலிருந்துதான் போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாங்கிய பழைய ஸ்விஃப்ட் ஒன்றை, முன்பிருந்தவர் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்தார். சின்னப் பள்ளத்துக்கே ஸ்டியரிங்கில் சுத்தியால் அடித்ததுபோல் அதிர்ந்தது. ஷாக் கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஸ்ட்ரட்டைக் கழற்றித் தூசி உறையை மேலே தள்ளியபோது, சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கும்போது இரும்பும் இரும்பும் மோதாமல் தாங்கும் மெத்தையான பம்ப் ஸ்டாப் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் நிறத் துகள்களே இருந்தன. விரலால் தொட்டதும் அவையும் உதிர்ந்தன. ஸ்ட்ரட்டுக்குள் போய்வரும் ராடைச் சுற்றி ஸ்ட்ரட்டின் தலையில், இரும்பு இரும்பில் மோதிய வளையம் ஒன்று பளபளவென்று தேய்ந்திருந்தது. அந்தக் கார் ஸ்பிரிங்கின் மேல் ஓடவே இல்லை; அந்த உதிர்ந்த துண்டின் மேல்தான் அத்தனை நாளும் ஓடியிருக்கிறது.

உங்கள் காரில் இதை அளக்க, முன் ஸ்ட்ரட்டின் தூசி உறையை மேலே தூக்கி, பளபளக்கும் ராடைச் சுற்றி ஒரு மெல்லிய கேபிள் டையைக் கட்டி, ஸ்ட்ரட்டின் தலையோடு ஒட்டி வையுங்கள். ராடில் கீறல் விழுந்தால் ஆயில் சீல் போய்விடும் என்பதால் கருவி எதையும் அதில் படவிடக் கூடாது. மட்டத் தரையில் நிற்கும்போது, ஸ்ட்ரட்டின் தலைக்கும் பம்ப் ஸ்டாப்பின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள், 40 மி.மீ. என்று வைப்போம். பம்ப் ஸ்டாப் 50 மி.மீ. நீளமானால் அது ஏறத்தாழ 30 மி.மீ. வரை நசுங்கிக் கொடுக்கும். ஆக மேல்நோக்கிய ஓட்டம் 70 மி.மீ.

இனி வழக்கமான சுமையோடு, வழக்கமான வேகத்தில், மோசமான சாலையில் ஒரு நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து பார்த்தால் கேபிள் டை ராடில் மேலே ஏறி நிற்கும். நிற்கும் நிலையிலிருந்து அது 52 மி.மீ. ஏறியிருந்தால், உங்கள் சாலைக்குத் தேவையான ஓட்டம் அதுவே. சக்கரம் மேடேறும்போது உள்ளே வரும் ஆற்றலை ஸ்பிரிங் தாங்குவது அதன் விறைப்பையும், அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அதனால் ஸ்பிரிங் 25 சதவீதம் விறைத்தால் தேவைப்படும் ஓட்டம் 25 சதவீதம் குறைந்துவிடாது; 1.25-இன் வர்க்கமூலமான 1.118-ஆல் வகுத்தால் கிடைக்கும் 46.5 மி.மீ. அப்போதும் வேண்டும். 70-இலிருந்து அதைக் கழித்தால் ஏறத்தாழ 23 மி.மீ. ஓட்டம் அனுமதிக்கும் எல்லை இதுதான். 40 சதவீதம் விறைப்பான ஸ்பிரிங் போட்டாலும் எல்லை 26-க்குத்தான் நகரும். விறைப்பைக் கூட்டி ஆழமாக இறக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கணக்கு இடம் தருவதில்லை.

இதைப் புறக்கணித்து 40 மி.மீ. இறக்கினால் மிஞ்சுவது 30 மி.மீ.; அதுவும் முழுக்க பம்ப் ஸ்டாப்பின் பங்கு. அதாவது நிற்கும்போதே ஸ்ட்ரட்டின் தலை பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது அந்தச் சக்கரத்தின் விறைப்பு திடீரென்று பல மடங்கு ஏறி, டயரின் பிடி அறுபடும். பந்தயத்துக்காகத் தாழ்த்தியதாகச் சொல்லும் கார் வளைவில் முன்பைவிட மோசமாக நடப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பம்ப் ஸ்டாப்பைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் வெற்று இடைவெளி கூடும். ஆனால் இரும்பும் இரும்பும் மோதும் எல்லை மாறாது, நடுவில் இருந்த மெத்தைதான் குறையும். ஓட்டத்தை உண்மையாகத் திரும்பப் பெற உடல் நீளம் குறைந்த ஷாக் வேண்டும். காயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுப்பு) வாங்குபவர்கள் இதைக் கேட்டே வாங்க வேண்டும்: உயரத்தை ஸ்பிரிங்கின் தட்டைத் திருகி மாற்றுவதா, ஷாக்கின் அடிப்பகுதியைத் திருகி மாற்றுவதா? முதல் வகையில் ஓட்டம் போய்விடும். இரண்டாம் வகையில் ஓட்டம் அப்படியே இருக்கும், டயர் உள் ஃபெண்டரில் உரசும் இடமே அடுத்த எல்லை.

பின்பக்கத்திலும் இதே அளவை எடுங்கள். சுமையின் பெரும்பகுதி அங்கே இறங்குவதால், முன்னால் இறக்கும் அளவைவிடப் பின்னால் 5 முதல் 10 மி.மீ. குறைவாக இறக்குவதே என் வழக்கம். நால்வர் ஏறியதும் வால் தொங்கும் கார் பார்க்கவும் நன்றாக இராது. அதன் முகப்பு விளக்கும் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

நான்காம் படி: லோயர் ஆர்மின் சாய்வு

முன் சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், காரின் நடுப்பக்கத்தில் ரப்பர் புஷ்ஷிலும் வெளிப்பக்கத்தில் பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டிலும் பிணைந்திருக்கிறது. ஓட்டுநர் அமர்ந்த நிலையில் இரண்டின் மையமும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளந்து, உள்முனை வெளிமுனையைவிட எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் 25 மி.மீ. என்றால், 25 மி.மீ. இறக்கியதும் ஆர்ம் படுக்கையாகிவிடும். அதைத் தாண்டி இறக்கினால் ஆர்மின் வெளிமுனை மேல்நோக்கிச் சாய்கிறது. அதன் பின் கார் அமுங்கும்போது பால் ஜாயிண்ட் உள்ளே இழுபட, வளைவில் வெளிச்சக்கரம் சாலையில் நிமிர்ந்து நிற்க உதவும் கேம்பர் (சக்கரத்தின் தலை உள்ளே சாயும் கோணம்) கிடைக்காமல் போகும். காரின் உடல் எந்தக் கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டரும், உடல் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். ரோல் சென்டருக்கும் காரின் ஈர்ப்பு மையத்துக்கும் நடுவிலான தூரம் கூடுவதால், தாழ்த்திய கார் அதிகமாகச் சாய முற்படும். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சரிவும் மாறுவதால் மேடுபள்ளத்தில் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

ஈடாகக் கிடைப்பது என்ன? இத்தகைய ஹேட்ச்பேக்கின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 540 மி.மீ. உயரத்தில் இருந்தால், 20 மி.மீ. தாழ்த்துவதால் வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் எடை நூற்றுக்கு நான்கு பங்குகூடக் குறையாது. நல்ல டயர் தரும் முன்னேற்றம் இதைவிடப் பெரிது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ. நீளமுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற சீரான ஓடுதளத்துக்கு என்றே ஒரு காரை வைத்திருந்தால், கேபிள் டை காட்டும் ஓட்டம் குறைவாக இருக்கும், எல்லையும் தளரும். அங்கேயும் ஆர்மின் சாய்வு விதி மாறாது.

ஐந்தாம் படி: எண்ணை முடிவு செய்தல்

நம் எடுத்துக்காட்டில் தரை 24, ஓட்டம் 23, ஆர்ம் 25 என்று எல்லைகள் வந்தன. மிகச் சிறியதை எடுத்து, புதிய ஸ்பிரிங் ஓடி அமரும்போது மேலும் சில மி.மீ. இறங்கும் என்பதால் அதற்கு 5 கழித்தால், முன்னால் 18 மி.மீ. பின்னால் 8 முதல் 13. ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆனால் 18 மி.மீ. இறங்கிய ஸ்விஃப்டைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும். சாலையில் ஓடும் ஸ்விஃப்டுக்கு 15 முதல் 25 மி.மீ. என்பதே என் கணிப்பு. அதற்கு மேல் வேண்டுமானால் ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப் மூன்றையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும்.

டயரையும் மறக்க வேண்டாம். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ.; 195/55 ஆர்15 போட்டால் 595. கார் 13 மி.மீ. தாழ்ந்துவிடும். இது தரைக் கணக்கில் முழுமையாகக் கழியும், ஆனால் சஸ்பென்ஷனின் ஓட்டத்தைத் தொடாது. வேகமானியோ உண்மையைவிட 4 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இரண்டையும் செய்தால் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, சூடேற்றி அமுக்குவது ஆகிய இரண்டையும் அறவே தவிருங்கள். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் தட்டில் பொருந்தும்படி வடித்த முனை போய்விடுகிறது. சூடேற்றிய கம்பியோ தன் பதத்தை இழந்து நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

பொருத்தும் நாளில்

சக்கரம் முழுவதும் கீழே தொங்கும் நிலையில் ஸ்பிரிங் தன் தட்டில் இறுக்கமாக நிற்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். பின்பக்க டார்ஷன் பீமில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருப்பதால், பழைய நீள ஷாக்கோடு குட்டை ஸ்பிரிங் சேர்ந்தால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும் நொடியில் ஸ்பிரிங் தளர்ந்து நகர இடமுண்டு. அசைந்தால் அந்த ஸ்பிரிங்கை ஏற்க வேண்டாம். ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளையும் பீமின் போல்ட்டுகளையும், கார் தன் எடையில் சக்கரங்களின் மேல் நிற்கும்போதுதான் இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியே இருந்து சீக்கிரம் கிழியும். பிரேக் ஹோஸ் எந்த நிலையிலும் இழுபடக் கூடாது.

முந்நூறு கிலோமீட்டர் ஓடிய பின் வீல் அலைன்மென்ட் செய்து, முகப்பு விளக்கின் கோணத்தையும் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரையிலான நான்கு அளவுகளையும் மறுபடி எடுங்கள். கேபிள் டையைக் கழற்றிவிடாமல் மீண்டும் கீழே தள்ளி வைத்து, அதே மோசமான சாலையில், அதே சுமையோடு ஓட்டிப் பாருங்கள். அது பம்ப் ஸ்டாப் நசுங்கும் பகுதியின் கடைசிச் சில மில்லிமீட்டருக்குள் போயிருந்தால், தட்டைத் திருகும் வசதி உள்ளவர்கள் 5 மி.மீ. ஏற்றி மறுபடி சோதிக்கலாம். அந்த வசதி இல்லாதவர்கள் கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை இந்தச் சோதனை முடியும்வரை விற்காமல் வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.